சிப் மாற்றியதும் திரை கறுப்பு, உடனே உதவி வேண்டும்

கொழிஞ்சாம்பாறையான்: வேகம் கூடும் என்று பழைய கம்ப்யூட்டரின் பிராசஸரைக் கழற்றிவிட்டு என்இசி கம்பெனி சிப் போட்டேனுங்க. மானிட்டர் லைட் எரிகிறது, அவ்வளவுதான். பீப்கூட இல்லை. என்ன செய்யலாம்?

வாளையாறு வயர்: எந்தக் கம்ப்யூட்டர், எந்தச் சிப்?

பழையபெட்டி: மழை ஈரத்தில் சாக்கெட் பச்சை பிடித்திருக்கும். ஸ்பிரிட்டில் துடையுங்கள், சரியாகிவிடும்.

வாளையாறு வயர்: கொழிஞ்சாம்பாறையில் மழையா! கோடையில் அங்கே குடிதண்ணீரே லாரியில் வருகிறது.

8பிட்ஆசான்: வந்துவிட்டார் இன்னொரு ‘உடனே’. மாடல் இல்லை, சிப் நம்பர் இல்லை, சிப் முனையில் இருக்கும் பள்ளம் எந்தப் பக்கம் என்றும் இல்லை. சோழிதான் உருட்ட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையான்: ஆம்ஸ்ட்ராட் பிசி1512. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. பள்ளம் பழையது இருந்த பக்கமேதான். 40 காலும் நேராக இறங்கியது.

பழையபெட்டி: அப்படியென்றால் மேலே இருக்கும் நாலு பேட்டரியும் கசிந்திருக்கும்.

வாளையாறு வயர்: அவை கடிகாரத்துக்கும் செட்டிங்குக்கும்தான் அண்ணே, இல்லாவிட்டாலும் பூட் ஆகும். தம்பி, சிப் மேலே என்ன எழுதியிருக்கிறது?

கொழிஞ்சாம்பாறையான்: டி70108சி-8

8பிட்ஆசான்: அது வி20, இன்டெல் 8088 பிராசஸருக்குப் பதிலாகப் போடுவது. 1512-இல் இருப்பது 8086. 40 கால் என்பதால் உள்ளே உட்காரும், ஓடாது. 8086 வெளியே 16 பிட் டேட்டா பேசும். வி20-க்கு 8 பிட்தான். 2 முதல் 8 வரையுள்ள கால்களிலும் 39-லும் போர்டு டேட்டாவை எதிர்பார்க்கும், அங்கே வெறும் அட்ரஸ்தான் வரும். வி30 வாங்குங்கள், டி70116. கடைசியில் -8 இருக்கட்டும். 1512 ஓடுவது 8 மெகாஹெர்ட்ஸில், -5 தாங்கும் என்று நம்ப முடியாது. இதையெல்லாம் வாங்கும் முன் தேடலாம்.

பழையபெட்டி: வி30 போட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. காசுக்குக் கேடு.

வாளையாறு வயர்: பெருக்கல், வகுத்தல் நன்றாகவே வேகம் பிடிக்கும். பழைய 8080 சிப் போல ஓடும் மோடும் உண்டு, டாஸுக்கு முந்தைய சிபி/எம் ஓஎஸ் ஓட்டலாம்.

பழையபெட்டி: 2கே கிட்ஸுக்கு சிபி/எம் எதற்கு?

8பிட்ஆசான்: சிபி/எம் டிஸ்க் ஃபார்மட் டாஸோடு ஒத்துப்போகாதே, அதற்கு என்ன செய்வீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

கொழிஞ்சாம்பாறையான்: பழைய சிப்பைத் திருப்பிப் போட்டேன், டாஸ் வந்துவிட்டது. நன்றிங்க.

வாளையாறு வயர்: தம்பி, அந்த வி20-ஐ எனக்குத் தருவீர்களா? என்னிடம் 8088 போட்ட எக்ஸ்டி கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது.