புதுப்பிப்பு: பெரியப்பாவின் 1996 போர்தோ போத்தலைத் திறந்துவிட்டோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: பெரியப்பா விட்டுப்போன 1996 போயாக் (பிரான்சின் போர்தோ பகுதியில் ஓர் ஊர்) சிவப்பு ஒயினை, காற்றாட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகேண்டரில் இரண்டு மணி நேரம் வைக்கலாமா, பினாங்கு வெக்கையில் எப்படிப் பரிமாறுவது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன சனிக்கிழமை ஜெலுத்தோங் வீட்டில் திறந்தோம்.

வண்டல் அடியில் தங்கட்டும் என்று இரண்டு நாளுக்கு முன்பே போத்தலை நிமிர்த்தி வைத்தேன். தக்கை, தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி. திருகாணி போட்டிருந்தால் பொடிந்திருக்கும். இரண்டு தகடு உள்ள திறப்பானை ஓரமாக இறக்கி, அசைத்து அசைத்து எடுத்தேன்; முழுசாக வந்தது.

கழுத்துக்குப் பின்னால் டார்ச் லைட் பிடித்து மெதுவாக ஊற்றினேன். வண்டலின் கறுப்புக் கோடு போத்தலின் தோள் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஓரத்தில் செங்கல் நிறம். சுருட்டுப் பெட்டி, பழைய தோல், காய்ந்த அத்திப்பழ வாசனை. இளம் ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இதில் பட்டாக இருந்தது. அந்தத் துவர்ப்பைத் தரும் டானினில் ஒரு பங்குதானே வண்டலாக இறங்கிக் கிடக்கிறது. முக்கால் மணி நேரத்தில் வாசனை தளர ஆரம்பித்தது. காற்றாட விடாதே என்றவர்கள் சொன்னதுதான் சரி.

சூடு விஷயம்: 'அறை வெப்பம்' என்பது குளிர் நாட்டுப் பேச்சு, நம் அறை 30 டிகிரி. 16 டிகிரியில் எடுத்து, சூடேறிவிடாமல் கிளாஸில் இரண்டு விரல் உயரம் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

அக்காவின் ஆட்டிறைச்சிப் பெரட்டலை அன்று ஒதுக்கி வைத்தோம். மிளகாய்க் காரம் இந்த ஒயினை விழுங்கிவிடும். உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டுச் சுட்ட ஆட்டுத் தொடை அருமையாகப் பொருந்தியது. பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப நேரம் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார்.