கார்ட்ரிட்ஜ் மாற்றிய பிறகும் காற்று டேங்கில் தண்ணீர் நிற்பது ஏன்?

இரவு ஓட்டம்:
என் லாரியில் பிரேக்குக்குப் போகும் காற்றை உலர்த்தும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. நேற்றுக் காலை டேங்கின் அடியில் இருக்கும் வளையத்தை இழுத்தேன்; அரைத் தம்ளர் தண்ணீர் கொட்டியது. எண்ணெய்ப் பிசுக்கே இல்லை, தெளிந்த தண்ணீர். போலிக் கார்ட்ரிட்ஜைத் தலையில் கட்டிவிட்டார்களா? உள்ளே இருக்கும் மணிகள் ஈரத்தைக் குடிக்கின்றன என்கிறார்கள். குடித்த தண்ணீர் பிறகு எங்கேதான் போகிறது?

பழைய ஸ்பேனர்:
கார்ட்ரிட்ஜைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். 8 பார் அழுத்தத்துக்குக் காற்றை ஏற்ற, வெளியில் இருக்கும் ஒன்பது லிட்டர் காற்றை ஒரு லிட்டருக்குள் திணிக்க வேண்டும். அந்த ஒன்பது லிட்டரில் இருந்த ஈரம் முழுவதும் கூடவே வருகிறது. கம்ப்ரஸரின் சூட்டில் அது ஆவியாகவே இருக்கும். டிரையருக்கு வரும் குழாயில் ஆறும்போது துளி கட்டும். துளிகள் டிரையரின் அடியில் தங்கும், மிச்ச ஆவியை மணிகள் பிடித்துக்கொள்ளும். குடிக்கின்றன என்பது பேச்சு வழக்கு. உண்மையில் மணியின் நுண்துளைப் பரப்பில் ஈரம் ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் கேள்விக்கு விடை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அழுத்தம் நிறைந்ததும், அதைக் கண்காணிக்கும் கவர்னர் சைகை கொடுக்கும், டிரையரின் அடி வால்வு திறக்கும், 'புஸ்' என்று அடித்தண்ணீர் வெளியேறும். எல்லோரும் அந்தச் சத்தத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு அரை நிமிடம்போல மெல்லிய சீறல் ஒன்று கேட்கும், காது கொடுத்துப் பாருங்கள். உலர்ந்த காற்றில் கொஞ்சம், ஒரு சின்னத் துளை வழியாக விரிந்து, மணிகளின் ஊடே பின்னோக்கிப் போய், ஒட்டிய ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறும் சத்தம் அது. கம்ப்ரஸர் ஓய்வெடுத்தால்தான் மணிகள் காயும். ஓய்வே இல்லையென்றால் புதுக் கார்ட்ரிட்ஜும் ஊறிப்போகும்.

ஓடும்போது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை 'புஸ்' கேட்கிறது?

நான்காவது கியர்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தினமும் வளையத்தை இழுத்து வடித்துவிட்டால் போதும். எங்கள் வண்டியில் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய ஸ்பேனர்:
வடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் டேங்குக்கு வந்துவிட்ட ஈரம் அங்கேயே உட்கார்ந்திருக்காது. வால்வுகளுக்குள் போய்த் துருவேற்றும், கடுங்குளிரில் உறைந்து வழியை அடைக்கும். டிரையரின் அடியில் ஹீட்டர் வைத்திருப்பதே அந்தக் குளிருக்குப் பயந்துதான்.

இரவு ஓட்டம்:
நிறுத்தி வைத்துப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் காற்றழுத்த மீட்டரின் முள் ஏறிப் 'புஸ்' என்றது, நீங்கள் சொன்ன சீறலும் கேட்டது. ஓட்டத்தில் கவனித்தால் முள் 7 பாரிலேயே தொங்குகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு 'புஸ்'.

பழைய ஸ்பேனர்:
அகப்பட்டது. ஓட்டத்தில் எங்கோ காற்று கசிகிறது, அதனால் கம்ப்ரஸருக்கு ஓய்வே இல்லை. பார்க்கிங் பிரேக்கில் சக்கரத்தைப் பிடிப்பது ஸ்பிரிங், அதை விலக்குவது காற்று. அதனால் பிரேக்கைப் போட்டால் ஸ்பிரிங் பிரேக் சேம்பரில் (அதன் காற்றறையில்) காற்று இருக்காது, விடுவித்தால்தான் நிறையும். கசிவு அந்தப் பாதையில் இருந்தால் நிற்கும் வண்டியில் தெரியவே தெரியாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கட்டை வைக்காமல் அடியில் போகவே கூடாது. அழுத்தம் ஏறியதும் இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்ததும் ஆறுதலான செய்திதான். கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளியிருந்தால் பால்போல் கலங்கி வந்திருக்கும். எண்ணெய் பூசிய மணியை எந்தச் சீறலாலும் காயவைக்க முடியாது.

இரவு ஓட்டம்:
பின் அச்சின் இடப்பக்கம், சேம்பருக்குப் போகும் ஹோஸ் சட்டத்தில் உரசித் தேய்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டதும் குட்டி இட்லிபோல் நுரை பொங்கியது. ஹோஸை மாற்றிவிட்டு, உரசாதபடி கிளிப்பும் போட்டேன். இப்போது முள் நன்றாக ஏறுகிறது. ஆனால் இன்று காலையும் நான்கைந்து சொட்டு வந்ததே, கார்ட்ரிட்ஜை இன்னொரு முறை மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம். டேங்கை முழுவதும் வடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மூன்று மாத ஈரம், ஒரே 'புஸ்'ஸில் போகாது.