ஏர் ரைஃபிளின் குறி திடீரெனச் சிதறுகிறது: முயல் வேட்டையை நிறுத்தி வைத்திருக்கிறேன், உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள். குழல் 5.5 மி.மீ.; முகப்பு ஆற்றல், அதாவது பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது கொண்டிருக்கும் ஆற்றல், 16 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. காய்கறிப் பாத்திகளை மேயும் முயல்களையும், தானியக் கிடங்கைச் சுற்றித் திரியும் எலிகளையும் கட்டுப்படுத்த, உரிய அனுமதியுடன் இரண்டு ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். 25 மீட்டரில் ஐந்து பெல்லட்டுகளும் ஒரு நாணயத்துக்குள் அடங்கிவிடும். அந்த நம்பிக்கையில்தான் விலங்கின் மீது குறி வைத்தேன்.

மூன்று வாரங்களாக அந்த நம்பிக்கை போய்விட்டது. அதே 25 மீட்டரில் இப்போது குரூப் (பெல்லட்டுகள் பட்ட இடங்களின் பரப்பு) ஆறு சென்டிமீட்டர் வரை விரிகிறது. அது சீராக விரியாமல், மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று பிரிந்து விழுகிறது. இதை உணர்வதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிட்டது. ஏறத்தாழ 30 மீட்டரில் அமர்ந்திருந்த ஒரு முயலின் தலைக்குக் குறி வைத்தேன். பெல்லட் கீழே தாடையில் பட்டது. அது வளைக்குள் ஓடி மறைந்துவிட்டது. இருட்டும் வரை வளை வாயிலேயே காத்திருந்தும் அது வெளியே வரவில்லை. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. காரணம் தெரியும் வரை எந்த உயிரின் மீதும் சுடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

புதிய டப்பா பெல்லட் வாங்கிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. குழலுக்குள்ளும், காற்று வரும் துளையிலும் தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டு விட்டேன். அதன் பிறகு சத்தம் கூடியது, குழல் முனையில் புகை வந்தது, குரூப் முன்பைவிட மோசமானது. அடுத்து எதைச் செய்ய வேண்டும்?

பதில் 1

நீங்கள் முதலில் நிறுத்தியதே சரியான செயல். இனி ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) திருகுகளைத் தொடாதீர்கள். குறி சிதறும் நேரத்தில் ஸ்கோப்பைத் திருப்பினால், நோய் எது, மருந்து எது என்பதே குழம்பிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து பெல்லட்டுகளாவது சுட்டுப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

முதலில் எண்ணெய். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது அதன் முன்னுள்ள காற்று ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நெருக்கப்பட்டுக் கடுமையாகச் சூடாகிறது. அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால், டீசல் எஞ்சினில் நடப்பது போலவே அது பற்றிக்கொள்ளும். நீங்கள் கண்ட புகையும் சத்தமும் அதுதான். ஒவ்வொரு முறையும் எரியும் அளவு வேறுபடுவதால் பெல்லட்டின் வேகமும் மாறி, குறி மேலும் கீழுமாக அலைகிறது. அது மட்டுமன்றி, ஸ்பிரிங்கும் பிஸ்டன் வாஷரும் கெட்டுவிடும். குழலை உலர்ந்த துணித் துண்டுகளால், அவை சுத்தமாக வெளிவரும் வரை துடையுங்கள். பிறகு பாதுகாப்பான தடுப்பை நோக்கி முப்பது நாற்பது பெல்லட்டுகளைச் சுட்டால் மீதமுள்ள எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும், துடைத்த குழலும் பழைய நிலைக்கு வந்துவிடும். குழல் மடங்கியிருக்கும்போது விசையை அழுத்திவிடாதீர்கள். குழல் அறைந்து மூடி விரலையும் நசுக்கும், தானும் வளைந்துவிடும்.

அடுத்தது மரக்கட்டையை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள். முன்புறம் பக்கத்துக்கு ஒன்று, விசைக் காப்பு வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளின் அதிர்வு இவற்றைத் தானாகவே தளர்த்தும். குறி சிதறுகிறது என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

பதில் 2

என் கருத்து வேறு. 16 ஜூல் என்பதே முயலுக்குக் குறைவு. இன்னும் திறன் கூடிய ரைஃபிளும் கனமான பெல்லட்டும் இருந்திருந்தால், தாடையில் பட்ட முயல்கூட அந்த இடத்திலேயே விழுந்திருக்கும்.

பதில் 3

முந்தைய பதிலை ஏற்க இயலவில்லை. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாடையில் பட்ட பெல்லட் எத்தனை ஜூல் கொண்டு வந்தாலும் மூளையைத் தொடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனி உரிமம் இன்றி வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளின் உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16.3 ஜூல். அங்கே முயல் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி இந்த ஆற்றலுக்குள்தான் நடக்கிறது. ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான 5.5 மி.மீ. பெல்லட் நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் புறப்பட்டாலே அந்த ஆற்றல் வந்துவிடும். கண்ணுக்கும் காது அடிக்கும் இடையே உள்ள இடத்தில் அது பட்டால் முயல் உணர்வதற்கு முன்பே முடிந்துவிடும். அந்த இடத்தின் குறுக்களவு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான். ஆறு சென்டிமீட்டர் சிதறும் துப்பாக்கிக்கு ஆற்றலைக் கூட்டினால் காயப்படுத்தும் வலிமைதான் கூடும்.

கேட்டவருக்கு ஒரு கேள்வி: சுடும்போது ரைஃபிளை எதன் மீது வைக்கிறீர்கள்? ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே, துப்பாக்கி முதலில் பின்னுக்கும், பிஸ்டன் முனையை எட்டும் நேரத்தில் முன்னுக்கும் அசைந்துவிடுகிறது. அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்தால்தான் பெல்லட் ஒரே இடத்துக்குப் போகும். வேலிக் கட்டையிலோ இருகால் தாங்கியிலோ ரைஃபிளை நேரடியாகச் சார்த்தினால் அது துள்ளி, குறி தாறுமாறாகும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில், இறுக்கிப் பிடிக்காமல், ஒரே இடத்தில் அமர்த்துங்கள். தோளிலும் இலேசாகவே வையுங்கள். வேண்டுமானால் அந்தக் கையை ஒரு மூட்டையின் மீது சார்த்திக்கொள்ளலாம்.

கேட்டவர்

விரிவான பதில்களுக்கு நன்றி. குழலைத் துடைத்து நாற்பது பெல்லட்டுகள் சுட்டேன்; புகை நின்றுவிட்டது. முன்கட்டையின் வலப்பக்கத் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். குழல் மூடும் இடத்தில் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். காகிதம் அசையவில்லை, ஆகவே அங்குள்ள வாஷர் காற்றை விடவில்லை என்று நினைக்கிறேன். உள்ளங்கையில் வைத்தே சுட்டேன்.

குரூப் ஆறிலிருந்து நான்கு சென்டிமீட்டராகக் குறைந்திருக்கிறது. ஆனால் மேல் கூட்டம், கீழ்க் கூட்டம் என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. இடவலமாகச் சிதறல் ஏறக்குறைய இல்லை. முதல் கேள்வியில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: ஒரு மாதத்துக்கு முன் ஸ்கோப்பின் பிடிப்பு வளையங்களை மாற்றினேன். அதன் பிறகு பெல்லட் மிகவும் தாழ்வாக விழுந்ததால், உயரத் திருகை ஏறத்தாழ முடியும் இடம் வரை திருப்ப வேண்டியிருந்தது.

பதில் 4

விடை உங்களுடைய கடைசி வாக்கியத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோட்டைத் தாங்கும் ஒரு சிறிய உட்குழல் இருக்கிறது. வெளியே உள்ள திருகு அதை ஒரு பக்கத்திலிருந்து தள்ள, மறுபக்கத்திலிருந்து ஒரு சிறு ஸ்பிரிங் எதிர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். குறியை உயர்த்த நீங்கள் திருகை வெளியே திருப்பத் திருப்ப, உட்குழல் மேலேறுகிறது, அந்தச் சிறு ஸ்பிரிங் நீண்டு வலுவிழக்கிறது. எல்லைக்கு அருகில் அதற்கு உட்குழலை உறுதியாகப் பிடித்துவைக்கும் வலு இருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஏற்படும் இரட்டை உதைப்பில் குறுக்குக்கோடு இரண்டு நிலைகளுக்கு இடையே மாறி மாறி அமர்கிறது. இடவலச் சிதறல் இல்லாமல் மேலும் கீழும் மட்டும் இரண்டு கூட்டங்கள் விழுவதற்கு இதுவே பொருத்தமான விளக்கம்.

மடக்குக் குழல் ரைஃபிள்களில் குழல், ஸ்கோப் பொருத்தும் தண்டவாளத்துடன் ஒப்பிட இலேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது பரவலாகக் காணப்படும் ஒன்று. உங்கள் பழைய வளையங்கள் அந்தச் சாய்வை ஈடுசெய்யும் வகையாக இருந்திருக்கலாம், புதியவை சமமட்டமானவை.

உறுதிப்படுத்துவது எளிது. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியிலேயே உள்ள இரும்புக் குறியை (லென்ஸ் இல்லாத குறிபார்ப்பு முனைகளை)க் கொண்டு 15 மீட்டரில் பத்து பெல்லட்டுகள் சுடுங்கள். ஒரே கூட்டமாக விழுந்தால் துப்பாக்கி குற்றமற்றது. பிறகு பின்பக்கம் உயர்ந்த, சாய்வை ஈடுசெய்யும் பிடிப்பைப் பொருத்துங்கள். அது கிடைக்காவிட்டால், பின் வளையத்துக்குள் ஸ்கோப்பின் அடியில் பழைய புகைப்படச் சுருளின் ஒரு துண்டை வைக்கலாம். ஓரிரு துண்டுகளுக்கு மேல் வைத்தால் ஸ்கோப்பின் குழல் வளையும். பொருத்துவதற்கு முன் உயரத் திருகை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சொடுக்குகளை (திருகின் ஒவ்வொரு ‘கிளிக்’ படியையும்) எண்ணித் திருப்பி, அதில் பாதியில் நிறுத்துங்கள். பொருத்திய பின், வளையத்தின் பின்விளிம்பில் தண்டவாளத்தின் மீது பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். பிடிப்பு நகர்ந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

பதில் 5

ஒரு சிறு சேர்க்கை. ஸ்பிரிங் ரைஃபிளின் முன்னுதைப்பைத் தாங்காத ஸ்கோப்புகள் உண்டு; பெரிய தோட்டாத் துப்பாக்கிகளில் நன்றாக இயங்கியவையும் இதில் உடைந்திருக்கின்றன. மேலும், அவ்வகை ஸ்கோப்புகளில் பல ஏறத்தாழ 90 மீட்டருக்குப் பார்வைப் பிழை நீக்கப்பட்டவை. 20 மீட்டரில் கண் சற்று விலகினாலே குறுக்குக்கோடு இலக்கின் மீது நகர்வது போலத் தெரியும். தொலைவைச் சரிசெய்யும் வளையம் உள்ள ஸ்கோப் இங்கே பெரிதும் உதவும். எலி சுடுபவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் எலியின் தலையில் பிழைக்கு இடமே இல்லை.

கேட்டவர்

இரும்புக் குறியில் 15 மீட்டரில் பத்தும் ஒரே ஒழுங்கற்ற துளையாக விழுந்தன. சாய்வை ஈடுசெய்யும் பிடிப்பைப் பொருத்தி, திருகை நடுவில் நிறுத்தி, 25 மீட்டரில் சுட்டேன். முதல் ஐந்து இரண்டு சென்டிமீட்டர் தாழ்வாக, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. கூட்டம் ஒன்றுதான்! பதினொரு சொடுக்குகள் உயர்த்தியதும் நடுவுக்கு வந்துவிட்டது. இருபது பெல்லட்டுகளும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கின. பென்சில் கோடு நகரவில்லை. என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை.

இனி முயலுக்கு எந்தத் தொலைவை எல்லையாகக் கொள்ளலாம்?

பதில் 3-இன் எழுத்தாளர்

கேட்கவே நிறைவாக இருக்கிறது. கணக்கும் பொருந்துகிறது: கால் கோண நிமிடச் சொடுக்கு ஒன்று (கோண நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 25 மீட்டரில் ஏறத்தாழ 1.8 மி.மீ. நகர்த்தும், பதினொன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர்.

எல்லையைத் துப்பாக்கி தீர்மானிப்பதில்லை, குரூப் தீர்மானிக்கிறது. வயலில் நீங்கள் சுடப்போகும் நிலையிலேயே, அதாவது மண்டியிட்டோ படுத்தோ, மூச்சு வாங்கும் நிலையில், ஐந்துக்கு ஐந்தும் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும் தொலைவு எதுவோ அதுவே உங்கள் எல்லை. மேசையில் 25 மீட்டர் கிடைத்தால் வயலில் 20 என்று தொடங்குங்கள். ஸ்கோப் குழலுக்கு மேல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் மிக அருகிலும் பெல்லட் தாழ்வாகவே படும் என்பதை எலிக்காக நினைவில் வையுங்கள். 5 மீட்டரிலும், 10 மீட்டரிலும் தனித்தனியே தாளில் சுட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கக் காற்று வீசும் மாலைகளில் எல்லையை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுட வேண்டாம். குறி தவறிய பெல்லட் பல நூறு மீட்டர் பறக்கும். கல்லிலும் நீர்ப்பரப்பிலும் பட்டால் எத்திசையிலும் தெறிக்கும். கிடங்குக்குள் எலி சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஈயப் பெல்லட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள், சுட்ட எலிகளைப் பருந்தும் ஆந்தையும் எடுத்துச் செல்லும்படி வெளியில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். குட்டிகள் வளையில் இருக்கும் பருவத்தில் தாய் முயலைச் சுட்டால் உள்ளே அவை பட்டினியில் சாகும். அப்பருவத்தில் வேலியும் வலையும் போதுமானவையா என்று முதலில் பாருங்கள்.

பதில் 4-இன் எழுத்தாளர்

இதைப் பின்னர் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: சில நாடுகளில் காட்டு முயல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அங்கே இந்த இழையில் எலி பற்றிய பகுதியும் தாளில் சுடும் பகுதியும் மட்டுமே உங்களுக்கு உரியவை.

கேட்டவருக்கு: ஐம்பது பெல்லட்டுகள் கழித்து வளையத் திருகுகளையும் கட்டைத் திருகுகளையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். புதிய பிடிப்பு முதல் சில நாட்களில் அமரும்போது சற்றுத் தளரும்.

கேட்டவர்

பார்த்தேன். முன் வளையத்தின் ஒரு திருகு கால் சுற்று ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு மறுபடியும் தாளில் இருபது சுட்டேன், குறி மாறவில்லை. மண்டியிட்டுச் சுடும்போது எனக்கு 18 மீட்டர்தான் கிடைக்கிறது. வளைகளிலிருந்து 18 மீட்டரில் காற்றுக்கு எதிர்ப்புறமாக ஒரு மறைவிடம் அமைத்திருக்கிறேன். அதற்கு அப்பால் அமரும் முயலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.