ஆர்வி வண்டியின் ஏசிக்கு 2,000 வாட் ஜெனரேட்டர் போதுமா?

கேள்வி:
அமெரிக்காவின் அரிசோனாவில் கோடைப் பயணத்திற்காக 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) கூரை ஏசி கொண்ட ஆர்வி (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுக்கவிருக்கிறோம். மின் இணைப்பில்லாத முகாம்களில், 2,000 வாட் என்று அச்சிடப்பட்ட சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைக் கொண்டு இரவில் அதை இயக்க முடியுமா?

பதில் 1:
ஓடும்போது அந்த ஏசி ஏறத்தாழ 1,300 முதல் 1,500 வாட் வரையே எடுக்கும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் தேவை 2,500 வாட்டையும் தாண்டக்கூடும். தாங்கள் குறிப்பிடும் 2,000 வாட் உச்ச அளவுதான். தொடர்ந்து கிடைப்பது பெரும்பாலும் 1,600 வாட். கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியைப் பொருத்தினால் தொடக்க மின்னோட்டம் வெகுவாகக் குறையும் என்றாலும், வாடகை வண்டியில் அதற்கு உரிமையாளர் இசைவாரா என்பது ஐயமே.

பதில் 2:
உயரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஜெனரேட்டரின் திறன் சுமார் 3 விழுக்காடு குறைவதால், ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃபில் அந்த 1,600 வாட் 1,300க்கும் கீழே இறங்கிவிடும். (அங்கே இரவில் ஏசியே தேவைப்படாது; வெப்பம் மிகுந்த ஃபீனிக்ஸ் நகரம்தான் சோதனை.) மேலும், பல பொது முகாம்களில் இரவு நேரத்தில் ஜெனரேட்டரை இயக்க அனுமதியில்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் பேட்டரி உதவுமா?

பதில் 1:
12 வோல்ட் (துல்லியமாக 12.8), 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1,280 வாட்-மணிதான் இருக்கும். கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஃபீனிக்ஸ் பகுதியில் தங்கும் இரவுகளுக்கு 30 ஆம்பியர் இணைப்புள்ள இடத்தையே முன்பதிவு செய்யுங்கள். 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் மின்சார வெந்நீர்க் கருவியையும் ஒருசேரப் போட்டால் மட்டும் பிரேக்கர் விழுந்துவிடும்.