கடைமடை நிலத்தை விற்றுப் பங்குச்சந்தையில் போடலாமா?

மன்னார்குடியான்:
எங்கள் குடும்பத்துக்கு வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், அதாவது ஆற்றுநீர் கடைசியாக எட்டும் பகுதியில், ஐந்து ஏக்கர் நன்செய் இருக்கிறது. அதில் இரண்டு ஏக்கரை விற்று, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் பரஸ்பர நிதியில் பதினைந்து ஆண்டுகளுக்குப் போட்டுவைக்கலாம் என்பது என் யோசனை, அப்பா மறுக்கிறார். 2022இல் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தும், கர்நாடகத்திலிருந்து போதிய நீர் வராமல் குறுவை நெற்பயிர் காய்ந்தது. 2024இல் ஜூலை 28ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும் ஓர் அணையின் நீர்மட்டத்தை நம்பியிருப்பதைவிட, அதில் ஒரு பகுதியாவது ஐம்பது நிறுவனங்களின் வருவாயைச் சார்ந்திருப்பது பாதுகாப்பானது என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோரையாற்றுக்காரர்:
தம்பி, நான் மறுக்கிறேன். ஜப்பானின் நிக்கேய் பங்குச்சந்தைக் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்றுதான். இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. பதினைந்து ஆண்டு பொறுத்தால் போதும் என்று உங்கள் அப்பாவுக்கு யார் உறுதி கொடுப்பது? குறுவை பொய்த்த ஆண்டிலும் அடுத்த போகமான சம்பாவுக்கு வழி இருக்கிறது, சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்து இருக்கிறது. டெல்டா நிலத்தை ஒரே போகத்தை வைத்து எடைபோடுவது முறையாகாது.

மன்னார்குடியான்:
ஐயா, நீங்கள் சொல்லும் கணக்கு, உச்சத்தில் இருந்த அந்த ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் போட்டவருடைய கணக்கு. அதில் நிறுவனங்கள் இடையில் பங்குதாரர்களுக்குக் கொடுத்த பங்காதாயமும் சேரவில்லை. மாதந்தோறும் சிறுகச் சிறுகப் போட்டவர், விலை சரிந்த ஆண்டுகளிலும் வாங்கியிருப்பார் என்பதால், அத்தனை காலம் காத்திருக்க நேர்ந்திருக்காது.

கோரையாற்றுக்காரர்:
மாதந்தோறும் போடுபவர் சம்பளக்காரர். நிலத்தை விற்பவருக்குப் பத்திரப்பதிவு முடிந்த அன்றே மொத்தப் பணமும் கைக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் அந்த ஒரே நாள் ஆள் நீங்கள்தானே?

பேராவூரணித் தோப்புக்காரி:
இருவரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. நிலம் எங்கும் போய்விடவில்லை, அந்த அளவில் கோரையாற்று அண்ணன் பக்கம் சரிதான்; ஆனால் நெட்டைத் தென்னங்கன்றை நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும், அதுவரை பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அந்த நிலம் கட்டாது. அந்தச் சமயத்தில் தோப்பை விற்கலாம் என்று போனவர்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு: ஊரே விழுந்து கிடக்கும் ஆண்டில் வாங்குகிறவரும் அதே ஊர்க்காரர்தான் என்பதால், கேட்கிற விலை கிடைக்காது. தோப்புக்கு வெளியே ஏதோ ஒன்றை வைத்திருந்தவர்கள்தான், அது வங்கி வைப்போ வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணமோ எதுவாயினும், நிலத்தை விற்காமல் மறுநடவு செய்தார்கள்.

ஆகவே மன்னார்குடித் தம்பி சொல்லும் திசை எனக்கு உடன்பாடுதான். அவர் சொல்லும் கருவி மட்டும் அரைகுறை. 2020 ஜனவரியில் 42,000ஐத் தாண்டியிருந்த மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள் இழந்து 25,981இல் முடிந்தது. நவம்பருக்குள் பழைய உயரத்தை மீட்டுவிட்டது என்பதும் உண்மையே. ஆனால் இடைப்பட்ட அந்த மாதங்களில் கன்றுக்கும் கூலிக்கும் பணம் தேவைப்பட்டவர், மீட்சி வரும்வரை உட்கார்ந்திருக்க முடியுமா? நீண்டகால முதலீட்டின் பலன், நடுவில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கே கிடைக்கிறது.

குடந்தை ஓய்வூதியர்:
அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய அர்பத்நாட் வங்கி நிறுவனம் 1906 அக்டோபரில் நொடித்தபோது, பெரிய பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நம் திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, 1907இல் இந்தியன் வங்கி உருவாக வழிசெய்ததும் அந்த அடிக்குப் பிறகுதான். இன்று வங்கி வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாகவே இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், சீட்டுக்கும், நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது. நம் பக்கத்தில் பலர் இந்த வேறுபாட்டை அறியாமலே சங்கத்தில் வைப்பு வைத்திருக்கிறார்கள்.

எனவே இரண்டு ஆண்டுச் செலவுக்கும் ஒரு போகத்தின் சாகுபடிச் செலவுக்கும் ஆகும் தொகையை முதலில் காப்பீடுள்ள வைப்பில் ஒதுக்குங்கள். மீதி உண்டென்றால் அதைச் சந்தைக்கு மூன்று ஆண்டுகளில் மாதாமாதம் மாற்றுங்கள். ஒரே நாளில் போடுகிறார் என்ற குறையும் அப்போது பெருமளவு நீங்கும்.

கோரையாற்றுக்காரர்:
பெரியவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆயினும் வரியை யாரும் தொடவில்லை. நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தொலைவுக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்தை விற்றால், விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி கிடையாது. பங்குசார்ந்த நிதியிலோ, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தாலும், ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் கட்ட வேண்டும். வரியில்லாச் சொத்தை வரியுள்ள சொத்தாக மாற்றுகிறீர்கள். தவிர, மகள் திருமணத்துக்கு நாள் குறித்ததும் அந்த நிதியை எடுக்காமல் இருக்க உங்கள் வீட்டில் யார் பொறுப்பு? நிலத்தை விற்பதற்கு ஆள் தேட வேண்டும், வில்லங்கம் பார்க்க வேண்டும், பங்காளிகள் கையெழுத்து வேண்டும். அந்தத் தாமதம்தான் எங்கள் குடும்பங்களில் சொத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் பணம் வந்துவிடும் என்ற நிலையில் பதினைந்து ஆண்டு என்பது வெறும் பேச்சு.

பேராவூரணித் தோப்புக்காரி:
பங்காளிகள் கையெழுத்துக்குக் காத்திருந்தே மருத்துவமனைச் செலவுக்கு, மீட்டர் வட்டி என்ற வேகமாக ஏறும் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அண்ணே.

மன்னார்குடியான்:
வரி பற்றிய கருத்தை ஏற்கிறேன். விற்கும் இடத்தில் வரி இல்லை என்பது உண்மையில் என் யோசனைக்குச் சாதகமாகவே இருக்கிறது. இரண்டு ஏக்கர் என்பதை ஒன்றாகக் குறைத்து, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும், பம்பு செட்டும் இல்லாத அந்தத் துண்டுக்கு மட்டும் விலை கேட்கப்போகிறேன். ஓய்வூதியர் ஐயா சொன்னபடி முதல் பங்கு வைப்புக்குப் போகும். நிதியை அப்பாவும் நானும் சேர்ந்த கூட்டுக் கணக்கில், இருவர் கையெழுத்தும் இருந்தால் மட்டுமே எடுக்கும்படி தொடங்க நினைக்கிறேன்.

கோரையாற்றுக்காரர்:
அந்தத் துண்டுக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். குத்தகை எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மேற்கொண்டு வாதாட முடியும்.