ஓட்ட ஆசையான மேனுவல் கார்: பெங்களூர்க்காரர்கள் வழி சொல்லுங்கள்

நண்பர்களே, என்னிடம் முதல் தலைமுறை ஃபோர்டு ஃபிகோ இருக்கிறது. ஹைட்ராலிக் ஸ்டியரிங், சாலை எப்படி இருக்கிறது என்று கைக்கே தெரியும். ஃபோர்டு 2021இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, 2022இல் ஃபோக்ஸ்வேகன் போலோவும் நின்றுபோனது. இப்போது எந்த ஷோரூமுக்குப் போனாலும் உயரமான எஸ்யூவி, பெரிய திரை, சன்ரூஃப். ஒரு காலத்தில் ஓட்டுபவர்களுக்காகவே கார் செய்த கம்பெனியின் புது வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் வீடியோ கேம் மாதிரி! (அம்மாவுக்கு ஏறி இறங்க அதுதான் வசதி, மறுக்கவில்லை.)

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் செடானில் 1.5 லிட்டர் மேனுவல் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சில்க் போர்டு நெரிசலில் கிளட்ச் காலைப் படுத்துமா? ஹோண்டா சிட்டி எப்படி? அப்புறம், பழைய போலோ ஒன்றை வாங்கும் முன் பார்த்துச் சொல்ல நல்ல மெக்கானிக் தெரிந்தால் சொல்லுங்கள். ஓசூர் என்றாலும் வருவேன்.