அவசரம்: மாமா கொண்டாந்த பெரிய டேப்லெட்டுல எந்த சைட்டும் திறக்கல

நித்யா_மதுரை: பரண்ல கிடந்ததை நேத்து இறக்கினேன். ஆன் ஆகுது, வைஃபையும் பிடிக்குது. எந்த சைட்டைத் தொட்டாலும் "சான்றிதழ் சரியில்லை"ன்னு வருது, யூடியூப்பும் போச்சு. நாளைக்கு அம்மா ஊர்லருந்து வர்றாங்க, சமையக்கட்டுல சீரியல் ஓடணும். ப்ளீஸ்.

சுடுதண்ணி: என்ன மாடல்? ஆண்ட்ராய்டா விண்டோஸா? எத்தனை வருஷம் ஆச்சு?

கேபிள்_அண்ணன்: ரவுட்டர்தான்மா. பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி வை.

நித்யா_மதுரை: போன்ல எல்லாம் ஓடுதுண்ணா. மாடல் தெரியல, ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு. டிவி மாதிரி 21 இன்ச், பின்னாடி ஸ்டாண்டு. பிளக்கைப் புடுங்கினா அணைஞ்சிடுது.

சுடுதண்ணி: அப்போ ஆல் இன் ஒன், திரைக்குள்ளயே கம்ப்யூட்டர். செட்டிங்ஸ்ல வெர்ஷன் பாருங்க. தேதி என்ன காட்டுது?

நித்யா_மதுரை: ஆண்ட்ராய்டு 4.2.2. தேதி 2013 ஜனவரி!!

கேபிள்_அண்ணன்: ஃபேக்டரி ரீசெட் அடி, புதுசா ஆயிடும்.

கணினிக்கிழார்: அடிக்காதீங்க. உங்க 4.2க்கு ஜெல்லிபீன்னு பேரு, அதுக்கு கூகுள் கணக்கையும் ஆப்பையும் ஓட்டுற கூகுள் ப்ளே சர்வீசஸை 2021லயே நிறுத்தியாச்சு. ரீசெட் அடிச்சப்புறம் கணக்கு உள்ள போகலைன்னா இருக்கிறதும் போச்சு. இதே கேள்விக்கு நூறு தடவை பதில் எழுதியிருக்கேன், தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. முதல்ல தேதியை மாத்துங்க. 2013ல நின்னுக்கிட்டு இன்னைக்கு சைட்டோட சான்றிதழை, அதாவது சைட் அசல்தான்னு காட்டுற அடையாளச் சீட்டைப் பார்த்தா அது இன்னும் பிறக்கவே இல்லைன்னுதான் சொல்லும். அப்பவும் பாதி சைட் முரண்டு பிடிக்கும். நிறைய சைட்டுக்கு இலவசமா சான்றிதழ் கொடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட்டோட வேர்ச் சான்றிதழ் (மத்த சான்றிதழை நம்புறதுக்கு அடிப்படை அதுதான்) 7.1.1க்கு முந்தின ஆண்ட்ராய்டுல கிடையாது. பழைய வேரை வச்சு 2024 செப்டம்பர் வரை ஒப்பேத்தினாங்க, அதுவும் முடிஞ்சுது. ஃபயர்ஃபாக்ஸ் 68 பிரவுசர் போடுங்க. 4.2ல ஓடுற கடைசி வரிசை அது, சான்றிதழை அதுவே கையோட கொண்டு வரும். போன்ல ஏபிகே (ஆப்பை நிறுவுற ஃபைல்) இறக்கி பென் டிரைவ்ல ஏத்துங்க.

சுடுதண்ணி: ஐயா சொன்னா சரிதான், சொல்ற தோரணைதான்... இதே மாதிரி பெரிய ஆண்ட்ராய்டு, ஹெச்பி ஸ்லேட் 21, 2013ல விட்டப்போ 399 டாலர். 1 ஜிபி ரேம். ஆண்ட்ராய்டை டெஸ்க்ல வைக்கிற ஆசை அப்பவே ஆரம்பிச்சுது.

கேபிள்_அண்ணன்: ஸ்லேட் 2010லயே வந்துச்சுப்பா. அப்போ மைக்ரோசாஃப்ட் தலைவரா இருந்த பால்மர் மேடையில தூக்கிக் காட்டினாரே.

கணினிக்கிழார்: அது விண்டோஸ் 7. பேரு ஒண்ணு, ஜாதி வேற. 169 டாலர் ஸ்லேட் 7தான் ஆண்ட்ராய்டு.

கேபிள்_அண்ணன்: ரெண்டுக்கும் நடுவுல ஹெச்பியோட டச்பேட் டேப்லெட் இருக்கே! 2011 ஜூலையில கடைக்கு வந்து ஆகஸ்ட் 18ல மூடுவிழா. 99 டாலருக்குத் தள்ளினதும் ஜனம் அள்ளிக்கிட்டுப் போச்சு.

கணினிக்கிழார்: அது ஆண்ட்ராய்டு இல்ல, வெப்ஓஎஸ்னு வேற சிஸ்டம். ஸ்லேட் கணக்குல சேராது.

கேபிள்_அண்ணன்: சயனோஜென்மோட்னு ஆர்வலருங்க செஞ்ச ஆண்ட்ராய்டைப் போட்டு அதுலயும் ஆண்ட்ராய்டு ஓட்டினாங்க, தெரியுமா?

சுடுதண்ணி: அந்தப் பொண்ணு எங்கப்பா?

நித்யா_மதுரை: தேதி மாத்தினேன், கூகுள் வந்துச்சு. பென் டிரைவ்ல ஃபயர்ஃபாக்ஸும் ஏத்திட்டேன், மத்த சைட்டும் திறக்குது. வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடுது. அம்மா போன்லயே பாத்துக்கிறேன்னுட்டாங்க. நன்றி கிழார் சார்.

கேபிள்_அண்ணன்: ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பாத்தியாம்மா?